டிஸ்க் பிரேக் பேட் மாற்றுவது எப்படி: மலை இறக்கத்தில் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு

போன போயா லீவுக்கு நாங்கள் நான்கு பேர் அப்புத்தளையிலிருந்து லிப்டன் சீட்டுக்குச் சைக்கிள் மிதித்தோம். தேயிலை பேக்டரியில் பிட்டராக இருக்கும் அண்ணன், த்ரீவீல் ஓட்டும் தம்பி, பள்ளிக்கூடத்துச் சேர் ஒருவர், நான். ஏறும்போது பேச்சு முழுக்க வேலையைப் பற்றித்தான். மழைக்குக் கொழுந்து குவிந்து, ட்ரையர் இரவிலும் நிற்பதில்லை என்றார் அண்ணன். திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டைப் பற்றிச் சேர் சொன்னார். இறங்கத் தொடங்கியதும் என் முன் பிரேக் மட்டும்தான் பேசியது.

"என்னாண்ணே, பெரட்டுக்குச் சங்கு ஊதுறீங்களா?" என்று தம்பி பின்னாலிருந்து கத்தினான். அண்ணன் சிரிக்கவில்லை. "நிறுத்து தம்பி. அது பேட் சத்தம் இல்ல, தகட்டுச் சத்தம்" என்றார்.

1890இல் தோமஸ் லிப்டன் கட்டிய தம்பேதன்ன பேக்டரி வரை பின் பிரேக்கை மட்டும் பிடித்து, செங்குத்தான இடங்களில் இறங்கி நடந்து வந்தேன். அங்கே ரோட்டோரத்தில் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தோம். ஒரு பக்கப் பேட்டில் ஒரு மில்லிமீட்டர் மிச்சம் இருந்தது. மறுபக்கத்தில் வெறும் தகடு. இரண்டும் ஏன் ஒரே அளவில் தேயவில்லை என்ற கேள்விக்குப் பதில் தெரியாமல் புதுப் பேட் போட்டால், அதுவும் அதே மாதிரித்தான் தேயும். அதனால் இந்தப் பதிவில் பேட்டைவிட பிஸ்டனைப் பற்றி, அதாவது பிரேக்கைப் பிடிக்கும்போது உள்ளே இருக்கும் ஆயில் தள்ள, பேட்டை டிஸ்க்கோடு அழுத்தும் சின்ன உருளையைப் பற்றி, அதிகம் எழுதுகிறேன்.

லிப்டன் சீட் சுமார் 1,970 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அப்புத்தளை டவுன் சுமார் 1,430. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ என்றால், அந்த 540 மீட்டர் இறக்கத்தில் கழிய வேண்டிய சக்தி ஏறக்குறைய 1.4 லீட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். காற்று கொஞ்சத்தை எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில் பெரும்பங்கு இரண்டு மெல்லிய டிஸ்க்கிலும் நான்கு பேட்டிலும் சூடாக இறங்குகிறது. நம் ஊர் இறக்கத்தில் பேட் சீக்கிரம் தேய்வதற்கு இந்தச் சூடு ஒரு காரணம், மழைச் சேறு இன்னொன்று.

என்னென்ன வேண்டும்

3, 5 மில்லிமீட்டர் எலன் கீ, மூக்குக் குறடு, டயர் கழற்றும் பிளாஸ்டிக் லீவர், சுத்தமான பருத்தித் துணி, பார்மசியில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் அல்கஹோல், புதுப் பேட். எல்லாம் ஒன்றாக மடங்கும் மல்டி டூல் பயணத்துக்கு நல்லது, ஆனால் வீட்டில் இந்த வேலைக்கு வேண்டாம். பிடி குட்டையாக இருப்பதால் ஆணியின் தலை வழுக்கிவிடும். எல் வடிவ எலன் கீயை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டில் ரெசின், மெட்டல் என்று இரண்டு வகை உண்டு. மெட்டல் பேட் சேற்றிலும் மழையிலும் அதிக நாள் உழைக்கும், சூட்டையும் நன்றாகத் தாங்கும். கொஞ்சம் சத்தம் போடும். எனக்கு மலைக்கு மெட்டல்தான் பிடிக்கும். ஆனால் வாங்கும் முன் டிஸ்க்கைப் பாருங்கள். 'ரெசின் பேட் மட்டும்' என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தால் மெட்டல் போடவே கூடாது, டிஸ்க்கை அரித்துவிடும். பழைய பேட்டைக் கையில் கொண்டுபோய் வடிவத்தை ஒப்பிட்டு வாங்குங்கள்.

கழற்றுவது

சைக்கிளை நிமிர்த்தி வைத்தே செய்யுங்கள். சக்கரத்தைக் கழற்றுங்கள். இதற்குப் பிறகு பிரேக் லீவரைச் சும்மா அழுத்தாதீர்கள். இடையில் டிஸ்க் இல்லாததால் பிஸ்டன்கள் வெளியே வந்து, பேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

பழைய பேட் உள்ளே இருக்கும்போதே, பிளாஸ்டிக் லீவரை நடுவில் விட்டு இரண்டு பக்கமும் மெதுவாகத் தள்ளுங்கள். பிஸ்டன் உள்ளே போகும். ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், சில பிஸ்டன்கள் பீங்கான் மாதிரியான பொருளில் செய்தவை, ஓரம் உடைந்துவிடும். பிறகு பேட்டைப் பிடித்திருக்கும் பின்னை எடுங்கள். முனை மடங்கிய பின் என்றால் மூக்குக் குறட்டால் நிமிர்த்தி இழுக்க வேண்டும், திருகாணி என்றால் எலன் கீ. பேட்டும் ஸ்பிரிங்கும் சேர்ந்தே வெளியே வரும். ஸ்பிரிங் எப்படி உட்கார்ந்திருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

பிஸ்டன்: என்னைச் சிக்க வைத்த இடம்

வீட்டுக்கு வந்து முதல் தடவை நானே செய்தபோது இந்தப் படியைத் தாண்டிப் போய்விட்டேன். புதுப் பேட் போட்டேன், சக்கரம் சுற்றவில்லை. ஒரு பேட் டிஸ்க்கில் அழுத்திக்கொண்டே நின்றது. பிஸ்டனும் பேட்டும் உட்கார்ந்திருக்கும் கூடான கெலிப்பரை இரண்டு மணி நேரம் இப்படியும் அப்படியும் நகர்த்தினேன். மறுநாள் நைட் ஷிப்ட் முடித்து வந்த அண்ணன், தேத்தண்ணிக் கோப்பையோடு பக்கத்தில் குந்தி, டார்ச் அடித்துக் காட்டினார். இடது பிஸ்டனைச் சுற்றி செம்மண்ணும் பேட் தூளும் கலந்து கறுத்த மோதிரம் மாதிரி இறுகிக்கிடந்தது. அது அசையவே இல்லை. வலது பிஸ்டன் ஒன்றே இரண்டு பேருடைய வேலையையும் செய்திருக்கிறது. ஒரு பக்கம் தகடு வரை தேய்ந்ததற்குக் காரணம் அதுதான்.

செய்ய வேண்டியது இது. பேட் இல்லாமல், பிரேக் லீவரை மிக மெதுவாக ஒன்றிரண்டு தடவை அழுத்தி, பிஸ்டன் இரண்டு மில்லிமீட்டர் மட்டும் வெளியே வர விடுங்கள். அதற்கு மேல் வந்தால் பிஸ்டன் கழன்று ஆயில் கொட்டிவிடும். அல்கஹோல் தொட்ட துணியை நாடா மாதிரிக் கிழித்து, பிஸ்டனைச் சுற்றி முன்னும் பின்னும் இழுத்துத் துடையுங்கள். கறுப்பு போனதும், உங்கள் பிரேக்குக்குள் இருக்கும் அதே வகை ஆயிலில் ஒரு சொட்டைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு ஓரத்தில் தடவுங்கள். இப்போது நன்றாக அசையும் பிஸ்டனைப் பிளாஸ்டிக் லீவரால் உள்ளே அழுத்திப் பிடித்துக்கொண்டு பிரேக்கை அழுத்துங்கள். போக வழியில்லாத ஆயில் இறுகிய பிஸ்டனைத் தள்ளும். அதை உள்ளே தள்ளுங்கள், மறுபடி அழுத்துங்கள். எனக்கு ஏழெட்டுத் தடவை ஆனது. இரண்டும் சேர்ந்து வெளியே வரத் தொடங்கும் வரை விடாதீர்கள். முடிவில் இரண்டையும் முழுக்க உள்ளே தள்ளி, மிச்ச ஆயிலைச் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள்.

பூட்டுவது

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் புதுப் பேட்டை ஓரத்தில் மட்டும் பிடியுங்கள். டிஸ்க்கை அல்கஹோலால் துடையுங்கள். மண்ணெண்ணெய், செயினுக்கு அடிக்கும் ஸ்பிரே எதுவும் டிஸ்க் பக்கமே வரக்கூடாது. "பெல்ட்டுல எண்ணெய் பட்டா மெசின் ஓடுமா?" என்று அண்ணன் கேட்டதை நான் மறப்பதில்லை. டிஸ்க்கின் தடிப்பையும் பாருங்கள். ஷிமானோ டிஸ்க் புதிதில் 1.8 மில்லிமீட்டர் இருக்கும், 1.5க்கு வந்தால் மாற்ற வேண்டும்.

பேட், ஸ்பிரிங், பின், சக்கரம் என்ற வரிசையில் பூட்டி, லீவர் கெட்டியாகும் வரை அழுத்துங்கள். பிறகு கெலிப்பரின் இரண்டு ஆணிகளையும் தளர்த்தி, லீவரை அழுத்திப் பிடித்துக்கொண்டு இறுக்குங்கள். ஓர் ஆணியை ஒரேயடியாக இறுக்கினால் கெலிப்பர் கொஞ்சம் திரும்பிவிடும். கால் சுற்று இதை, கால் சுற்று அதை என்று மாறி மாறி இறுக்குங்கள். சக்கரத்தைச் சுற்றிவிட்டு, பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துப் பார்த்தால் டிஸ்க்கின் இரண்டு பக்கமும் மெல்லிய வெளிச்சக் கோடு தெரிய வேண்டும்.

புதுப் பேட்டோடு நேரே இறக்கத்துக்குப் போகாதீர்கள். சமதரையில் வேகமெடுத்து, நடக்கிற வேகத்துக்கு வரும் வரை ஒரே சீராகப் பிடித்து விடுங்கள். முழுதாக நிறுத்தக் கூடாது. முன்னுக்கு இருபது தடவை, பின்னுக்கு இருபது தடவை. பேட்டின் துகள் டிஸ்க்கில் ஒரு படலமாகப் படிந்த பிறகுதான் பிடி வரும்.

பிறகு சேர்த்தது: பண்டாரவளையிலிருந்து ஒரு தம்பி, சைக்கிளை பஸ்ஸில் ஏற்றச் சக்கரத்தைக் கழற்றினேன், இப்போது சக்கரம் உள்ளே போகவில்லை என்று எழுதியிருந்தார். வழியில் லீவர் அழுந்தியிருக்கும். பிளாஸ்டிக் லீவரை நடுவில் விட்டுத் தள்ளினால் விலகிவிடும். அடுத்த தடவை, அட்டைப்பெட்டித் துண்டை மூன்றாக மடித்துப் பேட்டுகளுக்கு நடுவில் செருகிவிட்டு ஏற்றுங்கள்.

இன்னொன்று: பிஸ்டனுக்கு மோட்டார் சைக்கிள் பிரேக் ஆயில் தடவலாமா என்று ஒருவர் கேட்டார். ஷிமானோ, டெக்ட்ரோ, மகுரா பிரேக்குகளுக்குள் இருப்பது மினரல் ஆயில். மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றும் டாட் ஆயில் பட்டால் அவற்றின் ரப்பர் சீல் ஊதிக் கெட்டுவிடும். லீவரின் மூடியில் எந்த ஆயில் என்று எழுதியிருக்கும், அதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.