பதினாறாம் நாளுக்குப் பிறகு: துக்கத்தில் இருப்பவருக்கு ஆலோசனை தருவது எப்படி?

சிங்கப்பூரில் ஒருவர் இறந்த அன்று அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் நாற்காலி போதாது. மண்டாய் தகனச்சாலையில் தகனம் முடிந்து, பதினாறாம் நாள் காரியமும் ஆனபின் வீட்டில் ஆளே இருக்காது. ஆலோசகரைத் தேடி வருபவர் பெரும்பாலும் அந்தக் காலி வீட்டிலிருந்துதான் வருகிறார்.

முதல் சந்திப்புக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். படிவத்தை எடுக்குமுன், "அவரை எப்படிக் கூப்பிடுவீங்க?" என்று கேளுங்கள். பெயரோ, 'அப்பா'வோ, 'ஏங்க'வோ, அவர் சொன்ன சொல்லிலேயே தொடருங்கள். 'காலமானவர்' என்றால் பேச்சு விறைத்துவிடும். பிறகு அந்தக் கடைசி நாளைக் காலையிலிருந்து சொல்லச் சொல்லுங்கள். அதையே மூன்று முறை சொன்னாலும் தடுக்க வேண்டாம். அழுதால் உடனே டிஷ்யூவை நீட்டாதீர்கள், 'அழுதது போதும்' என்று அவருக்குப் படும். கைக்கெட்டும் இடத்தில் பெட்டி இருக்கட்டும்.

மகனை மொழிபெயர்க்க உட்காரவைக்காதீர்கள். அம்மா அவனுக்காக அடக்கிக்கொள்வார். அவனும் தகப்பனை இழந்தவன்தான்.

"995க்கு (ஆம்புலன்ஸ்) முன்னாடியே அடிச்சிருந்தா..." என்ற பேச்சு கட்டாயம் வரும். பலர் சறுக்குவது இங்கேதான். "உங்க தப்பு இல்லம்மா" என்று அவசரமாக மூடினால், அவர் அதை மறுபடி எடுக்கவே மாட்டார். "அன்னிக்கு ராத்திரி அவர் என்ன சொன்னார்? நீங்க என்ன செஞ்சீங்க?" என்று கேளுங்கள். "வாய்வுன்னாரு, ஓமத்தண்ணி வச்சுக் குடுத்தேன்" என்பார். அன்று தெரிந்தது அவ்வளவுதான் என்பதை அவர் வாயாலேயே அவர் கேட்க வேண்டும். அதற்கு இரண்டு மூன்று சந்திப்புகள் ஆகலாம்.

துக்கத்தின் 'ஐந்து நிலைகளை' (மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு) ஏணிப்படியாக வைத்து அளக்காதீர்கள். மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் அவற்றை எழுதியது சாவை எதிர்நோக்கிய நோயாளிகளைப் பற்றி. காலையில் மத்திய சேமநிதிக் கடிதங்களைச் சரிபார்த்தவர், மாலையில் வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்த்து உடைந்துபோவார். இரண்டும் இயல்பு. அந்தச் செருப்பை எப்போது எடுப்பது என்பதை உறவினர் முடிவு செய்யக் கூடாது. பொட்டு, பூ விஷயமும் அப்படித்தான். அவரைத் தனியாக வைத்து, "உங்களுக்கு என்ன விருப்பம்?" என்று கேளுங்கள்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால், "தாத்தா தூங்குறார்" என்று சொல்ல வேண்டாம் என எச்சரியுங்கள். பிள்ளை தூங்கவே பயப்படும். "தாத்தா செத்துட்டார், இனி வரமாட்டார்" என்பதே நல்லது.

"நானும் அவர்கிட்டயே போயிடுறேன்" என்றால் நேராகக் கேளுங்கள்: "தற்கொலை பண்ணிக்கணும்னு நினைக்கிறீங்களா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால், எப்படி என்று திட்டம் இருக்கிறதா எனக் கேளுங்கள், தனியே அனுப்பாதீர்கள். தற்கொலைத் தடுப்பு அமைப்பான எஸ்ஓஎஸ்ஸின் (SOS) 1767 எண்ணில் 24 மணி நேரமும் பேசலாம். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 995.

ஓராண்டு கடந்தும் ஏக்கம் தணியாமல், பெரும்பாலான நாள்களில் அன்றாட வேலையே ஓடாமல் இருந்தால், பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்) வழியாக மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள். முதல் தீபாவளி, இறந்தவரின் பிறந்தநாள், தலைத்திவசம் ஆகிய தேதிகளை முதல் மாதமே கேட்டு நாட்காட்டியில் குறித்து, ஒவ்வொன்றுக்கும் முந்தைய வாரத்தில் ஒரு சந்திப்பு வையுங்கள்.