மழைக்கு முன் மும்பை வீட்டில் மளிகை சேர்த்து வைப்பது எப்படி?

மும்பையில் ஒரு வாரம் கடைக்குச் சரக்கு வராமல் போவது அபூர்வமான விஷயம் இல்லை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதை இந்த ஊர்க்காரர்கள் யாரும் மறக்கவில்லை. அதற்குப் பிறகும் 2017 ஜூனில் விவசாயிகள் வேலைநிறுத்தம், 2018 ஜூலையில் பால் போராட்டம், 2019 ஆகஸ்டில் கோலாப்பூர், சாங்லி வெள்ளம் என்று வரிசையாக வந்தன. ஒவ்வொரு முறையும் முதலில் அடிபட்டது பால் வரத்து. 2020 மார்ச் ஊரடங்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நாங்கள் இருப்பது சயான் பக்கம். கிங்ஸ் சர்க்கிள் காந்தி மார்க்கெட்டில் தண்ணீர் தேங்கினால் மாட்டுங்காவுக்குப் போய் இட்லி அரிசி வாங்கி வருவது நடக்காது. அதனால் ஒவ்வொரு வருஷமும் ஜூன் பிறப்பதற்குள் வீட்டில் மூன்று வாரச் சாமான் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். வாங்குவது சுலபம். ஜூலை ஈரத்தில் அதைக் கெடாமல் காப்பாற்றுவதுதான் பெரிய வேலை. அதனால் இந்தப் பதிவில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான் இருக்கும்.

1. எவ்வளவு வேண்டும்?

இணையத்தில் கிடைக்கும் பட்டியல்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அவற்றில் இருக்கும் பாதிப் பொருளை நம் வீட்டில் யாரும் தொட மாட்டார்கள். இரண்டு வாரம் எது எது தீர்கிறது என்று ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டிக் குறித்து வாருங்கள். அந்தத் தாள்தான் உங்கள் பட்டியல்.

ஒரு மாதிரிக் கணக்கு சொல்கிறேன். மதியமும் இரவும் சோறு சாப்பிடும் பெரியவருக்கு நாளுக்கு 150 கிராம் அரிசி. நாலு பேருக்கு 600 கிராம், மூன்று வாரத்துக்கு ஏறக்குறைய 13 கிலோ. கூடவே இட்லி அரிசி 3 கிலோ, துவரம் பருப்பு 3 கிலோ, பாசிப் பருப்பு 1 கிலோ, உளுந்து ஒன்றரைக் கிலோ. எண்ணெய், புளி, மிளகாய், உப்பு, சோப்பு எல்லாம் உங்கள் தாளில் உள்ளபடி.

மூன்று வாரத்துக்கு மேல் வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அதற்கு மேல் போனால் இடமும் போதாது, பொருளும் கெடும். எல்லாவற்றையும் ஏப்ரல், மே மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிவிடுங்கள். மழை அறிவிப்பு வந்த பிறகு ஓடிப்போய் பத்துப் பாக்கெட் அள்ளினால், அன்றன்று கூலி வாங்கி அன்றன்று அரிசி வாங்கும் வீட்டுக்குத்தான் அது இல்லாமல் போகிறது. முன்கூட்டி வாங்குகிறவர்களால் யாருக்கும் தட்டுப்பாடு வராது.

இந்த ஊர் மராத்திக் குடும்பங்களும் கோலி மீனவர்களும் தலைமுறை தலைமுறையாக இதைச் செய்து வருகிறார்கள். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை என்பதால் கருவாடு மே மாதமே வீட்டுக்கு வந்துவிடும். லால்பாகில் மிளகாய் வாங்கி வருஷத்துக்கான மசாலா அரைப்பதும் அந்த வெயிலில்தான். நாம் மொட்டை மாடியில் வடாம் பிழிவதும் இதே கணக்குதான்.

2. எங்கே, எப்படி வாங்குவது?

பொன்னி, இட்லி அரிசி, நல்லெண்ணெய், காப்பிப்பொடிக்கு மாட்டுங்கா அல்லது செம்பூர். வெங்காயத்துக்கு வாஷி மொத்தச் சந்தை. நாலு வீடு சேர்ந்து ஒரு மூட்டை எடுத்தால் கட்டுப்படியாகும். மார்ச் முதல் மே வரை அறுவடையாகும் நாசிக் வெங்காயம் சில மாதங்கள் தாங்கும். மழைக்காலப் பயிர் தாங்காது. வெளித்தோல் காய்ந்து, கழுத்து இறுகியதாகப் பார்த்து எடுங்கள். சணல் சாக்கில், காற்றுப்படும்படி வையுங்கள். உருளைக்கிழங்கை அதோடு சேர்த்து வைக்காதீர்கள், இரண்டும் சீக்கிரம் கெடும்.

அரிசியை 26 கிலோ மூட்டையாக வாங்காதீர்கள். 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பைகளுக்கு ஜி.எஸ்.டி. வந்ததும் பல ஆலைகள் 26 கிலோ மூட்டைக்கு மாறின. விலையில் கொஞ்சம் மிச்சமாகும் என்பது சரிதான். ஆனால் மழைக்காலத்தில் பிரித்த மூட்டை பூச்சிக்குப் போட்ட விருந்து.

3. ஈரமும் வண்டும்

அரிசி வண்டு வெளியிலிருந்து பறந்து வந்து ஏறுவதாகப் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது கடையிலிருந்தே நம்மோடு வருகிறது. பெண் வண்டு அரிசியைத் துளைத்து உள்ளே முட்டையிட்டு, துளையை மூடிவிடும். அதனால் பார்வைக்கு அரிசி சுத்தமாகவே தெரியும். மும்பை வெப்பத்தில் ஒரு மாதம்போல ஆனதும் உள்ளிருந்து புது வண்டு வெளியே வரும். மே கடைசியில் வாங்கிய அரிசியில் ஜூலையில் வண்டு ஓடுவதற்கு இதுதான் காரணம்.

ஆகவே வாங்கிய வாரமே செய்ய வேண்டிய வேலைகள் சில உண்டு. பருப்பு வகைகளை மே வெயிலில் துணியில் பரப்பி நன்றாகக் காயவிடுங்கள். அரிசியை மட்டும் நேர் வெயிலில் போடாதீர்கள், விரிசல் விட்டுச் சோறு குழையும். நிழலில், காற்றாடிக்குக் கீழே போதும்.

அடுத்த படியை அவசரப்படாமல் செய்யுங்கள். காய்ந்த பருப்பு முழுதாக ஆறிய பிறகே டப்பாவில் போட வேண்டும். தொட்டால் வெதுவெதுப்புக்கூட இருக்கக் கூடாது. சூட்டோடு மூடினால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி, மூடியின் அடியில் நீர்த்துளியாகப் படியும். அது சொட்டும் இடத்தில் பூஞ்சை பிடிக்கும். வெயிலில் காயவைத்தும் பருப்பு கெட்டுவிட்டது என்று சொல்பவர்கள் இந்த இடத்தைத்தான் கவனிக்க வேண்டும். மாலையில் வீட்டுக்குள் கொண்டுவந்து மின்விசிறிக்கடியில் ஆறவிட்டு, அன்றிரவே டப்பாவில் அடைத்துவிடுங்கள். விடியும்வரை திறந்து கிடந்தால் கடற்காற்றின் ஈரத்தை மறுபடி இழுத்துக்கொள்ளும்.

துவரம் பருப்புக்குக் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி விளக்கெண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துப் புரட்டி வைக்கலாம். சமைக்கும்போது வெந்நீரில் கழுவினால் போய்விடும். வேப்பிலை, வசம்பு, காய்ந்த மிளகாய் போடுவதிலும் தப்பில்லை. அவை வண்டை ஓரளவு விரட்டும், அரிசிக்குள் இருக்கும் முட்டையை ஒன்றும் செய்யாது.

ரவை, மைதா, கோதுமை மாவுக்கு ஃபிரீசர்தான் நல்ல வழி. காற்றுப் புகாத பையில் கட்டி நாலு நாள் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள். அறை வெப்பத்துக்கு வந்த பிறகு பிரித்தால்தான் மாவின் மேல் ஈரம் படியாது. ரவையை வறுத்து வைத்தாலும் சரி.

பாத்திரம் பற்றி என் கருத்து: ஒரு பெரிய டிரம்மைவிடப் பத்துச் சின்னப் பாத்திரங்கள் மேல். டிரம்மைத் தினமும் திறக்கிறோம், திறக்கும்போதெல்லாம் ஈரக்காற்று உள்ளே போகிறது. ஒரு மூலையில் வண்டு வந்தால் மொத்தமும் போச்சு. திருகு மூடி போட்ட இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில்களைக் கழுவி, இரண்டு நாள் கவிழ்த்து உலர்த்தி, அரிசியைக் கழுத்துவரை தட்டித் தட்டி நிரப்புங்கள். உள்ளே காற்று எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. ஒரு பாட்டில் கெட்டாலும் மற்றவை தப்பிக்கும். ஒவ்வொன்றிலும் வாங்கிய மாதத்தை எழுதி ஒட்டுங்கள். பழையதை முன்னால் வைத்து முதலில் தீர்த்து, அந்த இடத்தைப் புதியதால் நிரப்புங்கள்.

கல் உப்பு பீங்கான் ஜாடியில் இருக்கட்டும். காப்பிப்பொடியில் சிக்கரி இருந்தால் ஈரத்தை இழுத்துக் கட்டியாகிவிடும். அதனால் 200 கிராம் பாக்கெட்டுகளாக வாங்கி ஒன்றொன்றாகப் பிரியுங்கள்.

4. பால், தண்ணீர், மருந்து

பாலுக்கு அட்டைப் பெட்டியில் வரும் நீண்டநாள் பால் பத்து லிட்டர், கூடவே ஒரு பாக்கெட் பால்பவுடர். தேதி பார்த்து வாங்குங்கள். கைக்குழந்தை இருந்தால் அதன் பால்மாவுதான் பட்டியலில் முதல் வரி.

2020 அக்டோபர் 12 அன்று மும்பை முழுக்க மின்சாரம் போனது. மின்சாரம் இல்லாவிட்டால் சொசைட்டி பம்பு ஓடாது, பம்பு ஓடாவிட்டால் மேல்தொட்டியில் தண்ணீர் ஏறாது. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளுக்கு 5 லிட்டர் வைத்து, நாலு பேருக்கு மூன்று நாள் என்றால் 60 லிட்டர். இண்டக்‌ஷன் அடுப்பை மட்டும் நம்பியிருக்காதீர்கள்.

சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் எப்போதும் ஒரு மாதத்துக்குக் கையிருப்பு இருக்கட்டும். ஓ.ஆர்.எஸ்., நாப்கின், டார்ச் பேட்டரி, பவர் பேங்க். நெட்வொர்க் போனால் யு.பி.ஐ. வேலை செய்யாது, ஆகவே நூறும் ஐம்பதுமாக இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய் ரொக்கமும் வேண்டும்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

அரிசிக்குப் பூச்சி மாத்திரை போடலாமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். கிடங்குகளில் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டுக்குள் கொண்டுவரவே வராதீர்கள். ஈரக்காற்று பட்டாலே பாஸ்பீன் என்ற விஷவாயு வெளியேறும். அந்த விஷத்தை முறிக்க மருந்து கிடையாது, பக்கத்து வீட்டில் தூங்குபவரையும் கொன்றுவிடும். இங்கே பல வீடுகளில் அரிசிக்குப் போரிக் பவுடர் தடவுகிறார்கள். வயிற்றுக்குள் போகக் கூடாத பொருள் அது, அதுவும் வேண்டாம்.

சேர்த்த தண்ணீரில் கொசுப்புழு வந்ததாக முலுண்டிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். டெங்கு கொசு சுத்தமான தண்ணீரில்தான் முட்டையிடும். ஒரு வாரம் பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். டிரம்மை இறுக மூடி, வாரம் ஒருமுறை காலி செய்து, உட்புறத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை பக்கச் சுவரில் ஒட்டியிருக்கும் என்பதால் தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது.

தாராவியிலிருந்து ஒரு அக்கா, "ஒரே அறை, தரைத்தளம், எங்கே வைப்பேன்?" என்று கேட்டிருந்தார். அக்கா, மூன்று வாரக் கணக்கை விட்டுவிடுங்கள், ஒரு வாரத்துக்கு வையுங்கள். நாலு பாட்டில் அரிசி, ஒரு பாட்டில் பருப்பு, அவல் இரண்டு பாக்கெட், மூடிய கேனில் தண்ணீர். வெள்ளம் ஏறும் இடம் என்பதால் கட்டிலுக்கடியில் எதுவும் வேண்டாம். சுவரில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு பலகை அடித்து அதில் வையுங்கள். ரேஷன் அட்டையையும் ஆதாரையும் ஜிப் பையில் போட்டு அதே பலகையில் வைத்துவிடுங்கள். ஜூன், ஜூலை ரேஷனை மாதக் கடைசி வரை தள்ளாமல் சரக்கு வந்ததுமே வாங்கிவிடுங்கள்.