விறகு வாங்கும்போதும் அடுக்கும்போதும் எரிக்கும்போதும் எல்லாரும் பண்ற தப்பு

எங்க வீட்ல மழைக்காலத்துல கொல்லைப்பக்கம் இருக்கற பழைய செம்பு பாய்லர்ல தான் வெந்நீர், கரண்ட் போனாலும் கவலையில்ல. நிறைய பேர் "விறகுன்னாலே புகை, கண்ணு எரியுது"ன்னு விட்டுடறாங்க. அது அடுப்போட தப்பு இல்லீங்க, ஈர விறகோட தப்பு.

பச்ச மரத்தோட எடைல பாதி வரைக்கும் தண்ணி இருக்கும், எரிச்சா சூட்டுல ஒரு பங்கு அத ஆவியாக்கவே போயிடும், தீயும் சரியா பிடிக்காம புகைதான் வரும். ஈரம் 20 சதவீதத்துக்கு கீழ வந்தா தான் நல்லா பிடிக்கும். அதுக்கு மீட்டர் எல்லாம் வேணாம், ரெண்டு கட்டைய ஒண்ணோட ஒண்ணு தட்டுங்க, காஞ்சதுன்னா 'டங்'னு கேக்கும், ஈரம்னா 'தொப்'புனு அடங்கிடும். அடுப்புல வச்சதும் முனையில நுரை தள்ளி ஸ்ஸ்ஸ்னு சத்தம் வந்தா அது இன்னும் காயல.

விறகு தொட்டியில, அதான் விறகு கடையில, எடை போட்டு தான தர்றாங்க, ஐப்பசில போய் நனைஞ்ச சவுக்க வாங்கினா தண்ணிக்கு தான் காசு குடுக்கறீங்க. சித்திரை வெயில்லயே வாங்கி போட்டுடுங்க.

அடுக்கறதுல நாங்களே சூடு பட்டோம். 2016 டிசம்பர் 12 வர்தா புயல்ல எங்க தெரு தூங்குமூஞ்சி மரம் சாஞ்சுது, கிடைச்ச கட்டைய பொளக்காம உருண்டையாவே சுவத்தோட ஒட்டி அடுக்கி, தரை வரைக்கும் தார்ப்பாய இழுத்துக் கட்டிட்டோம். பொங்கலுக்கு பிரிச்சா உள்ள வெள்ள வெள்ளயா பூஞ்சை, ஈரம் அப்படியே இருக்கு, அதோட விடல, அடியில இருந்து கரையான் ஜன்னல் சட்டம் வரைக்கும் ஏறியிருந்துது. பட்டை ஈரத்த சீக்கிரம் வெளிய விடாது, பொளந்தா தான் காயும். கீழ ரெண்டு வரிசை செங்கல் போடுங்க, சுவத்துலேந்து ஒரு முழம் தள்ளி அடுக்குங்க, தார்ப்பாய் மேல மட்டும் போதும், பக்கத்துல காத்து ஓடணும். எடுக்கும்போது இடுக்குல கைய விடாதீங்க, தேள் இருக்கும்.

பெயின்ட் அடிச்ச பழைய கதவு, பிளைவுட் இதெல்லாம் அடுப்புல வேணவே வேணாம், அந்த புகை விஷம். அரளிக் கட்டையும் அப்படித்தான். மண்ணெண்ணெய எரியற அடுப்புல ஊத்தறது தற்கொலைக்கு சமம், தேங்கா நாரும் பன்னாடையும் போதும் பத்த வைக்க.

மாடியில பிரியாணி போடறவங்க வெறும் தளத்து மேல அடுப்பு மூட்டாதீங்க, சூட்டுல சிமென்ட் வெடிச்சு சில்லு சில்லா தெறிக்கும், மணல் கொட்டி செங்கல் பரப்பி அதுக்கு மேல வைங்க.

எல்லாத்தையும் விட பெரிய தப்பு, குளிருதுன்னோ கொசுன்னோ கரி தணல சட்டியில எடுத்துட்டு வந்து ரூமுக்குள்ள வச்சு கதவ சாத்திட்டு தூங்கறது. புகை வரலயேன்னு நினைப்பீங்க, ஆனா தணல்லேந்து வர்ற கார்பன் மோனாக்சைடுங்கற விஷ வாயுவுக்கு நிறமும் இல்ல வாசனையும் இல்ல, தூக்கத்துலயே உயிர எடுத்துடும். தயவு செஞ்சு தணல தண்ணி தெளிச்சு அணைச்சு வெளியவே விடுங்க, வீட்ல வயசானவங்க இருந்தா இத உக்கார வச்சு சொல்லுங்க.