ஊட்டியில் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு எஃப்.சி: முதலில் ஹேண்ட்பிரேக்

15 வருடம் முடிந்த காரின் ஆர்.சி.யை (பதிவுச் சான்று) புதுப்பிக்க, எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுச் சோதனைக்குப் போகிறீர்களா? ஊட்டி, குன்னூர் பக்கம் ஓடும் பழைய டூ-சீட்டர்களில் முதலில் பார்க்க வேண்டியது பின்சக்கர ஹேண்ட்பிரேக். பின்னால் டிஸ்க் இருந்தால், மூடுபனி ஈரத்தில் காலிப்பரின் (டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) லீவர் துருவேறி இறுகிவிடும். இழுத்தால் ஒரு சக்கரம் மட்டும் பிடிக்கும், விட்டாலும் உரசிக்கொண்டே இருக்கும்.

முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்பக்கம் ஜாக் ஏற்றி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஹேண்ட்பிரேக்கை விட்டதும் காலிப்பர் லீவர் அதன் ஸ்டாப்பரைத் தொட வேண்டும். தொடவில்லையென்றால் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். இப்போது தொட்டால் கோளாறு கேபிளில். அப்போதும் தொடாவிட்டால் காலிப்பரில். கேபிளை முறுக்கி டைட் வைத்துச் சமாளிப்பது வேண்டவே வேண்டாம், பேட் தேய்ந்து டிஸ்க்கும் போய்விடும். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் நிறுத்துவதானால் ஹேண்ட்பிரேக் இழுக்காமல் கியரில் போட்டுக் கட்டை வையுங்கள்.

கார்புரேட்டர் வண்டியென்றால் புகைச் சோதனையும் சிக்கல்தான். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிடச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கோயம்புத்தூரில் ட்யூன் செய்த வண்டி இங்கே பெட்ரோலை அதிகம் குடித்து, கார்பன் மோனாக்சைடு அளவு எகிறும். ஏர் ஃபில்டரை மாற்றி, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஐடில் மிக்ஸ்சர் ஸ்க்ரூவை (ஐடிலில் பெட்ரோல்-காற்றுக் கலவையைச் சரிசெய்யும் திருகு) கால் சுற்றாகத் திருப்பிப் பெட்ரோலைக் குறையுங்கள். மேட்டுப்பாளையம் இறங்கினால் பழைய அளவுக்குத் திருப்ப மறக்காதீர்கள்.

டயர் பட்டன் (டயர் பள்ளத்தின் ஆழம்) 1.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது. பிரேக் ஆயில் இரண்டு வருடம் தாண்டியிருந்தால் மாற்றிவிடுங்கள். ஈரம் உறிஞ்சிய ஆயில், மசினகுடிக்குப் போகும் கல்லட்டி இறக்கத்தில் கொதித்து, பெடல் தரைவரை போகும்.