பாஸ்போர்ட் மாறினால் ஜெர்சியும் மாறுமா? நீங்களே பார்த்துச் சொல்வது எப்படி

ஐரோப்பாவில் ஆடும் ஒரு பிரேசில் கால்பந்து வீரருக்கு ஸ்பெயின் குடியுரிமை கிடைத்தது என்று செய்தி வந்தால் போதும், அன்று மாலைக்குள் "இனி ஸ்பெயினுக்குத்தான் ஆடுவார்" என்று ஒரு கூட்டமும் "துரோகி" என்று இன்னொரு கூட்டமும் கிளம்பிவிடும். பெரும்பாலும் இரண்டுமே வீண் சத்தம். வினிசியஸ் ஜூனியருக்கு 2022-இல் ஸ்பெயின் குடியுரிமை கிடைத்தது, மெஸ்ஸிக்கு 2005-இலேயே கிடைத்துவிட்டது. ஒருவர் பிரேசிலை விடவில்லை, இன்னொருவர் அர்ஜென்டினாவை விடவில்லை. அப்புறம் எதற்கு அந்தப் பாஸ்போர்ட்? ஸ்பெயின் லீகான லா லிகாவின் கிளப்புகள் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ள வீரர்களைக் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. லத்தீன் அமெரிக்கர்களுக்கோ ஸ்பெயினில் சட்டப்படி இரண்டு ஆண்டு வசித்தாலே குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். வீரருக்குப் பாஸ்போர்ட் வந்தால் கிளப்புக்கு ஓர் இடம் காலியாகிறது, அவ்வளவுதான் விஷயம்.

ஆக, வெளிநாட்டில் ஆடும் ஒருவர் இன்னொரு நாட்டின் தேசிய அணிக்கு மாற முடியுமா என்று தெரிய வேண்டுமென்றால் பாஸ்போர்ட் நிறத்தைப் பார்த்துப் பிரயோஜனமில்லை. தேதிகளைப் பார்க்க வேண்டும். உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதிகள் வக்கீல் மொழியில் இருந்தாலும் உள்ளே இருப்பது என்னவோ தேதிக் கணக்குதான்.

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்த தேதி, பிறந்த ஊர், அப்பா அம்மா பிறந்த நாடு, தாத்தா பாட்டி நால்வரும் பிறந்த நாடு. புதிய குடியுரிமை எந்தத் தேதியில் கைக்கு வந்தது, அல்லது பிறப்பிலிருந்தே இருந்ததா. பழைய நாட்டுக்காக, எந்த வயதுப் பிரிவிலாவது, முதல் அதிகாரபூர்வ ஆட்டம் என்று, கடைசி ஆட்டம் என்று. கடைசி ஆட்டத்தன்று அவருக்கு 21 வயது ஆகிவிட்டதா. சீனியர் அணிக்கு மொத்தம் எத்தனை ஆட்டம். இவ்வளவும் எழுதிவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

டி ஸ்டெஃபானோ, புஷ்காஷ் கதைகளை மட்டும் ஆதாரமாகக் கொண்டுவராதீர்கள். டி ஸ்டெஃபானோ அர்ஜென்டினாவுக்கு ஆடி, கொலம்பியாவில் சில காலம் கழித்து, பிறகு ஸ்பெயினுக்கு 31 ஆட்டம் ஆடினார். ஹங்கேரிக்கு 84 கோல் அடித்த புஷ்காஷ் 1962 உலகக் கோப்பையில் ஸ்பெயின் சட்டையில் இறங்கினார். லூயிஸ் மோன்டி அதற்கும் ஒரு படி மேல், 1930 உலகக் கோப்பை இறுதியாட்டம் அர்ஜென்டினாவுக்கு, 1934 இறுதியாட்டம் இத்தாலிக்கு. கேட்க அருமையாக இருக்கும், ஆனால் அறுபதுகளில் ஃபிஃபா அந்தக் கதவைச் சாத்திவிட்டது. இன்று நடப்பது 2004-இல் கொஞ்சம், 2009-இல் கொஞ்சம், 2020-இல் இன்னும் கொஞ்சம் என்று திறந்துவிட்ட ஜன்னல் வழியாக.

அந்த நாட்டோடு என்ன தொடர்பு?

புதிதாகக் குடியுரிமை வாங்கியவருக்கு அந்த நாட்டோடு உண்மையான தொடர்பு ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். அவர் அங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெற்ற அப்பாவோ அம்மாவோ, அதுவும் இல்லையென்றால் தாத்தா பாட்டியில் ஒருவராவது அங்கே பிறந்திருக்க வேண்டும். எதுவுமே இல்லையா? அங்கே ஐந்து ஆண்டு வசித்திருக்க வேண்டும் (பத்து வயதுக்கு முன்பே குடிவந்தவருக்கு மூன்று ஆண்டு போதும்). இந்த வசிப்பு விதிக்குக் காரணமே கத்தார். ஜெர்மன் லீகில் ஆடிக்கொண்டிருந்த ஐல்டன், டேடே போன்ற பிரேசில்காரர்களை அப்படியே தன் அணிக்குத் தூக்கப் பார்த்தது. 2004-இல் ஃபிஃபா அவசரமாக இரண்டு ஆண்டு வசிப்பு என்று விதி போட்டது, 2008-இல் அதை ஐந்தாக்கியது.

கிளப் வரலாறு உதவும் இடம் இது ஒன்றுதான். வருடத்துக்கு 183 நாளாவது அந்த நாட்டில் இருந்திருக்க வேண்டும். விடுமுறைக்கு ஊர் போய் வந்தால் பரவாயில்லை, ஆனால் நடுவில் வேறு நாட்டுக் கிளப்புக்கு மாறிவிட்டால் எண்ணிக்கை மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து. "ஏழு வருஷமா அங்கதான இருக்கார்" என்று சொல்வதற்கு முன்னால் இடையில் எங்காவது போய் வந்தாரா என்று பார்த்துவிடுங்கள்.

தாத்தா பாட்டி விஷயத்தில் வாய்வழிச் செய்தியை நம்பவே வேண்டாம். மலேசியாவுக்கு நடந்தது நல்ல உதாரணம். 2025 ஜூனில் வியட்நாமை 4-0 என்று வென்ற ஆட்டத்தில் வெளிநாட்டில் பிறந்த ஏழு பேர், தாத்தா பாட்டி மலேசியாவில் பிறந்தவர்கள் என்ற ஆவணத்தின் பேரில் ஆடினார்கள். ஃபிஃபா அசல் பிறப்புச் சான்றிதழ்களைத் தேடிப் பார்த்தபோது அந்தத் தாத்தா பாட்டிகள் அர்ஜென்டினா, பிரேசில், நெதர்லாந்து, ஸ்பெயினில் பிறந்தவர்கள் என்று தெரிந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் ஏழு பேருக்கும் 12 மாதத் தடை, மலேசியக் கால்பந்து சம்மேளனத்துக்கு 3,50,000 சுவிஸ் ஃபிராங்க் அபராதம்.

எந்த ஆட்டம் கணக்கில் வரும்?

சண்டைகள் பெரும்பாலும் இங்கேதான் நடக்கின்றன, பெரும்பாலான தவறான பதில்களும் இங்கேதான். "அவர் ஏற்கெனவே அந்த நாட்டுக்கு ஆடிவிட்டாரே" என்றால், எந்த ஆட்டம் என்று திருப்பிக் கேளுங்கள். நட்பு ஆட்டம் யாரையும் கட்டிப்போடாது. டியேகோ கோஸ்டா 2013-இல் பிரேசிலுக்கு இரண்டு ஆட்டம் ஆடினார், இரண்டும் நட்பு ஆட்டம், அடுத்த ஆண்டு ஸ்பெயினுக்கு ஆடினார். டெக்லன் ரைஸ் 2018-இல் அயர்லாந்து சீனியர் அணிக்கு மூன்று நட்பு ஆட்டம் ஆடிவிட்டு 2019 மார்ச்சில் இங்கிலாந்துக்கு இறங்கினார். பெஞ்சில் உட்கார்ந்திருந்ததும் கணக்கில்லை, களத்தில் இறங்கியிருக்க வேண்டும். ஆனால் இறங்கினால் ஒரு நிமிடமானாலும் ஆட்டம்தான். தகுதிச்சுற்று, நேஷன்ஸ் லீக், யூரோ, ஆப்பிரிக்கக் கோப்பை போன்ற கண்டக் கோப்பை எல்லாமே அதிகாரபூர்வம். ஃபுட்சால் (உள்ளரங்கக் கால்பந்து), கடற்கரைக் கால்பந்துகூடச் சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஒரு நிமிடம்கூட எவ்வளவு கனமானது என்று முனீர் எல் ஹத்தாதியைக் கேட்டால் சொல்வார். 2014 செப்டம்பரில், 19 வயதில், மாசிடோனியாவுக்கு எதிரான யூரோ தகுதிச்சுற்றில் ஸ்பெயினுக்காகக் கடைசியில் மாற்று வீரராக வந்தார், கால் மணி நேரம்கூட முழுதாக இல்லை. அப்புறம் ஸ்பெயின் சீனியர் அணி அவரைக் கூப்பிடவே இல்லை. மொராக்கோவுக்கு ஆட ஆசைப்பட்டு விளையாட்டு நடுவர் மன்றம் வரை போனார், 2018 உலகக் கோப்பைக்கு முன்னால் அங்கேயும் தோற்றார். கடைசியில் 2021 மார்ச்சில்தான் மொராக்கோ சட்டை கிடைத்தது. நடுவில் மாறியது விதி.

அந்த 2020 விதியைத்தான் நீங்கள் நன்றாகத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். சீனியர் அணிக்கு அதிகாரபூர்வ ஆட்டம் ஆடியவரும் மாறலாம், ஆனால் எல்லா நிபந்தனையும் ஒருசேர நிறைவேற வேண்டும். முதல் அதிகாரபூர்வ ஆட்டத்தன்றே புதிய நாட்டின் குடியுரிமை கையில் இருந்திருக்க வேண்டும். பழைய நாட்டுக்குக் கடைசியாக அதிகாரபூர்வ ஆட்டம் ஆடியபோது 21 வயது ஆகியிருக்கக் கூடாது. சீனியர் ஆட்டங்கள், நட்பு ஆட்டத்தையும் சேர்த்து, மூன்றைத் தாண்டக் கூடாது. கடைசி சீனியர் ஆட்டம் முடிந்து மூன்று ஆண்டு ஆகியிருக்க வேண்டும். உலகக் கோப்பையிலோ கண்டக் கோப்பையிலோ இறுதிச் சுற்றுப் போட்டியில் காலே வைத்திருக்கக் கூடாது. ஒன்று தவறினாலும் இந்த வழி மூடிவிடும்.

ஜூனியர் அணிகளோடு நின்றவருக்கு வழி எளிது. முதல் அதிகாரபூர்வ ஆட்டத்தன்றே இரண்டாவது குடியுரிமை இருந்திருந்தால் வயது வரம்பே கிடையாது. பிறகுதான் வாங்கினார் என்றால், கடைசி ஆட்டம் 21 வயதுக்குள் முடிந்திருக்க வேண்டும், மேலே சொன்ன தொடர்பும் இருக்க வேண்டும்.

எல்லாம் பொருந்தினாலும் மாற்றம் தானாக நடக்காது. ஃபிஃபாவிடம் விண்ணப்பித்து ஒப்புதல் வாங்க வேண்டும், முடிவு வரும்வரை எந்தத் தேசிய அணிக்கும் ஆடக் கூடாது. இதில் கோட்டைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு எமிலியோ என்சுவே. ஸ்பெயின் ஜூனியர் அணிகளுக்கு ஆடியவர், 2013 முதல் எக்குவடோரியல் கினிக்கு ஆடினார், கேப்டனானார், 2024 தொடக்கத்தில் நடந்த ஆப்பிரிக்கக் கோப்பையில் ஐந்து கோலோடு முதலிடம் பிடித்தார். அதே ஆண்டு மே மாதம் ஃபிஃபா, இவருக்கு அந்த அணிக்கு ஆடும் தகுதியே இல்லை என்றது. உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் அணி ஜெயித்த இரண்டு ஆட்டங்கள் தோல்வியாக எழுதப்பட்டன. பத்து வருடம் யாரும் கவனிக்கவில்லை என்பதுதான் வேடிக்கை.

சில நாடுகளில் இன்னொரு தடை இருக்கும்: இரட்டைக் குடியுரிமையே கிடையாது. இந்தியா அப்படித்தான். அப்பா இந்தியர், பிறந்தது ஜப்பான் என்ற அராட்டா இசுமி, ஜப்பான் குடியுரிமையை விட்ட பிறகே 2013-இல் இந்திய அணியில் ஆட முடிந்தது. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இதற்கு உதவாது. கொசோவோ போல ஃபிஃபாவில் 2016-இல் புதிதாகச் சேர்ந்த நாடுகளுக்குத் தனி விலக்கு உண்டு, அதைப் பொது விதியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சரி, ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். பிராகிம் டியாஸ். பிறந்தது ஸ்பெயினில், மலாகாவில், 1999 ஆகஸ்ட். குடும்ப வேர் மொராக்கோவில். ஸ்பெயின் ஜூனியர் அணிகளில் அதிகாரபூர்வ ஆட்டங்கள் உண்டு, 21 வயது ஆன பிறகும் உண்டு. சீனியர் அணியில் ஒன்றே ஒன்று, 2021 ஜூனில் லிதுவேனியாவுக்கு எதிராக, கோலும் அடித்தார். அந்த ஆட்டத்தின் பெயருக்குப் பக்கத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள்: நட்பு ஆட்டம். அதனால் அவர் ஜூனியர் ஆட்டங்களோடு நின்றவர் கணக்கில் வருகிறார்; முதல் ஆட்டத்தன்றே மொராக்கோ குடியுரிமை இருந்தவர் என்றால் 21 வயது வரம்பு தடுக்காது. 2024 மார்ச்சில் மொராக்கோவுக்கு ஆடினார்.