ட்ரெட் ஸ்காட் வழக்கைப் படிப்பது எப்படி? ஒரு வரைபடமும் பென்சிலும் போதும்

அமெரிக்க உள்நாட்டுப் போர் ஏன் வந்தது என்று படிக்க ஆரம்பித்தால் முதல் வாரத்திலேயே இந்தப் பெயர் எதிரே வந்து நிற்கும்: ட்ரெட் ஸ்காட், தன் விடுதலைக்காக வழக்குப் போட்ட அடிமை. உடனே 1857ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தேடி எடுத்து முதல் பக்கத்தில் இருந்து வாசிக்க உட்காருவோம். நானும் அப்படித்தான் உட்கார்ந்தேன். ஒன்பது நீதிபதிகளும் ஆளுக்கொன்று எழுதி வைத்திருக்கிறார்கள். கொஞ்ச தூரம் போவதற்குள் வாதி யார், பிரதிவாதி யார் என்பதே மறந்துவிட்டது. மூடி வைத்துவிட்டேன்.

அப்புறம் வேறு வழியில் போனேன். முதலில் வரைபடம், பிறகு மனிதர்கள், பிறகு கீழ்க் கோர்ட்டுகள், அதற்கும் பிறகுதான் உச்ச நீதிமன்றம். ஒரு மாலைப்பொழுதில் பிடிபட்டுவிட்டது. அந்த வழியை இங்கே எழுதுகிறேன்.

படி 1: ஒரு கோடு போடுங்கள்

மாநில எல்லைகள் தெரியும் அமெரிக்க வரைபடம் ஒன்றை அச்சிட்டுக்கொள்ளுங்கள். மிசூரி மாநிலத்தின் தெற்கு எல்லையில் இருந்து மேற்கே நேராக ஒரு கோடு இழுங்கள். இது 36 பாகை 30 நிமிட அட்சக்கோடு. பிரான்ஸிடம் இருந்து வாங்கிய நிலத்தில் இந்தக் கோட்டுக்கு வடக்கே அடிமை முறை கூடாது என்று 1820ல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டது. மிசூரி உடன்பாடு என்பது இதுதான்.

எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று இங்கே உண்டு. மிசூரியும் கோட்டுக்கு வடக்கேதான் இருக்கிறது, ஆனால் அங்கே அடிமை முறை இருந்தது. அதை அடிமை மாநிலமாகச் சேர்த்துக்கொண்டு, ஈடாக மேய்னைச் சுதந்திர மாநிலமாக, அதாவது அடிமை முறை இல்லாத மாநிலமாகச் சேர்த்து, மிச்ச வடபகுதிக்குத் தடை போட்டார்கள். எனவே மிசூரியை மட்டும் பென்சிலால் நிழலடித்துக்கொள்ளுங்கள்.

படி 2: அவர்கள் நடந்த இடங்களைக் குறியுங்கள்

மிசூரியில் செயின்ட் லூயிஸ் மேல் ஒரு புள்ளி. ராணுவ மருத்துவர் ஜான் எமர்சன், ட்ரெட் ஸ்காட்டை விலைக்கு வாங்கியது இங்கே. இரண்டாவது புள்ளி, இல்லினாய் மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றுத் தீவில் இருந்த ஆம்ஸ்ட்ராங் கோட்டை. இல்லினாய் சுதந்திர மாநிலம். மூன்றாவது புள்ளி, அதே ஆற்றோடு இன்னும் வடக்கே, இன்றைய மின்னசோட்டாவில் உள்ள ஸ்னெல்லிங் கோட்டை. எமர்சன் 1836ல் ஸ்காட்டை அங்கே அழைத்துப் போனார். 1820 சட்டப்படி அங்கே அடிமை முறைக்கு இடமே இல்லை.

ஸ்னெல்லிங் கோட்டையில்தான் ட்ரெட், ஹாரியட் ராபின்சனை மணந்தார். மணம் செய்து வைத்தவர் ஓர் அரசு அதிகாரி. அடிமைகளின் மணத்துக்குத் தென் மாநிலங்களில் சட்ட மதிப்பு கிடையாது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், இந்தச் சின்னச் சடங்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். மூத்த மகள் எலைசா பிறந்தது மிசிசிப்பியில் போய்க்கொண்டிருந்த நீராவிப் படகில், மிசூரியின் எல்லைக்கு வடக்கே. நான்காவது புள்ளியை ஆற்றின் மேலேயே வைத்துவிடுங்கள்.

பிறகு குடும்பம் செயின்ட் லூயிஸுக்குத் திரும்பியது. 1843ல் எமர்சன் இறந்தார். அவருடைய மனைவி ஐரின், ட்ரெட்டையும் ஹாரியட்டையும் கூலிக்கு விட்டு, வந்த கூலியை வாங்கிக்கொண்டார்.

படி 3: ஐந்து தீர்ப்புகளை வரிசையாக எழுதுங்கள்

அவசரப்படாமல் உட்கார வேண்டிய படி இது. 1846 ஏப்ரல் 6 அன்று ட்ரெட்டும் ஹாரியட்டும் விடுதலை கேட்டு ஐரின் மேல் செயின்ட் லூயிஸ் கோர்ட்டில் தனித்தனியே மனுப் போட்டார்கள். ட்ரெட்டுக்கு எழுதத் தெரியாது, கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி.

இது அந்த ஊரில் துணிச்சலான, புதுமையான வழக்கு என்று நினைத்துவிடாதீர்கள். விடுதலை கேட்டுப் போட்ட மனுக்கள் அந்த ஊர்க் கோர்ட்டு ஆவணங்களில் 300க்கும் மேல் கிடைத்திருக்கின்றன. எஜமானரே சுதந்திர மண்ணுக்கு அழைத்துப் போய்க் குடிவைத்தால் அடிமை விடுதலை பெற்றவர், திரும்பி வந்தாலும் அது மாறாது என்று மிசூரி நீதிமன்றங்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தன. 1836ல் ரேச்சல் என்ற பெண்ணின் வழக்கைப் பாருங்கள். அவரை அழைத்துப் போனவரும் ஒரு ராணுவ அதிகாரிதான், போன இடங்களில் ஒன்று அதே ஸ்னெல்லிங் கோட்டை. மிசூரி உச்ச நீதிமன்றம் ரேச்சல் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

ஆக ஸ்காட் குடும்பம் ஜெயித்திருக்க வேண்டும். நடந்ததை எழுதிக்கொள்ளுங்கள்.

1847: தோல்வி. ஐரினிடம் இருந்து அவர்களைக் கூலிக்கு எடுத்ததாகச் சொன்ன சாட்சி, குறுக்கு விசாரணையில், ஏற்பாடெல்லாம் செய்தது என் மனைவி, நான் பணம் மட்டும் கட்டினேன் என்றார். அப்படியென்றால் ஐரின் இவர்களை அடிமைகளாக வைத்திருந்ததற்கு நேரடிச் சான்று இல்லை. ஐரினின் அடிமைகள் என்று நிரூபணம் ஆகாததால் அவர்கள் ஐரினின் அடிமைகளாகவே இருந்தார்கள்! இரண்டு முறை வாசியுங்கள், நான் எழுதியதில் பிழை இல்லை.

1850: மறு விசாரணை. ஜூரி விடுதலை கொடுத்தது.

1852: ஐரின் மேல்முறையீடு செய்ய, மிசூரி உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இரண்டுக்கு ஒன்று. காலம் முன்போல் இல்லை என்று தீர்ப்பிலேயே வெளிப்படையாக எழுதினார்கள். மாறுபட்டவர் ஹாமில்டன் கேம்பிள், அவரும் அடிமைகளை வைத்திருந்தவர்தான். முன் தீர்ப்புகளை அரசியலுக்காகக் கைவிடக் கூடாது என்பது அவர் வாதம்.

1854: இப்போது பிரதிவாதி ஐரினின் அண்ணன் ஜான் சான்ஃபோர்ட், நியூயார்க்வாசி. வேறு வேறு மாநிலக் குடிமக்களுக்கு இடையே தகராறு என்றால் கூட்டரசு நீதிமன்றத்துக்குப் போகலாம் என்பதால் அங்கே போனார்கள். தோல்வி.

1857: உச்ச நீதிமன்றம். தோல்வி.

1852க்கு அடியில் தடித்த கோடு போடுங்கள். 1836க்கும் 1852க்கும் இடையில் இந்த விடுதலை விதியை மாற்றிப் புதுச் சட்டம் எதுவும் வரவில்லை. மாறியது வெளியே. மெக்சிகோவிடம் இருந்து கிடைத்த புது நிலத்தில் அடிமை முறை உண்டா இல்லையா என்ற சண்டை, தப்பியோடியவர்களைப் பிடித்துக் கொடுக்கச் சொல்லும் 1850ஆம் ஆண்டுச் சட்டம், வடக்கில் எழுந்த கோபம், அதைப் பார்த்துத் தெற்கில் எழுந்த கோபம். வாஷிங்டனில் உச்ச நீதிமன்றம் கெட்டுப்போவதற்கு ஐந்து வருடம் முன்பே செயின்ட் லூயிஸில் அது நடந்துவிட்டது என்பது என் கணிப்பு.

படி 4: இப்போது தீர்ப்பைத் திறங்கள்

தலைமை நீதிபதி ரோஜர் டானி எழுதியதை மட்டும் முதலில் எடுங்கள். (எழுத்தைப் பார்த்து டேனி என்று சொல்லத் தோன்றும், உச்சரிப்பு டானி.) மூன்று கேள்விகளாகப் பிரித்துக்கொண்டால் போதும்.

ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்தவர் அமெரிக்கக் குடிமகன் ஆக முடியுமா? முடியாது, எனவே கூட்டரசு நீதிமன்றத்தில் வழக்குப் போடவும் முடியாது என்றார் டானி. புதுப் பிரதேசங்களில் அடிமை முறையைத் தடுக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டா? இல்லை, அடிமை என்பவர் சொத்து, சொத்தை அப்படிப் பறிக்க அரசியல் சாசனத்தின் ஐந்தாம் திருத்தம் விடாது. இல்லினாயில் இருந்ததால் விடுதலையா? அதை மிசூரிச் சட்டம் முடிவு செய்யும்.

முதல் பதிலைப் படித்ததுமே ஒரு சந்தேகம் வர வேண்டும். வழக்கையே விசாரிக்க அதிகாரம் இல்லையென்றால் இரண்டாவது கேள்விக்கு எதற்காகப் பதில்? அன்றைய குடியரசுக் கட்சியினர் கேட்டதும் இதைத்தான். அதைவிட விசித்திரம், டானி செல்லாது என்ற 1820ஆம் ஆண்டுத் தடையை நாடாளுமன்றமே 1854ல் கேன்சஸ்-நெப்ராஸ்கா சட்டத்தால் நீக்கிவிட்டது. செத்த பாம்பை அடித்திருக்கிறார். காரணத்துக்கு அடுத்த படிவரை பொறுங்கள்.

கறுப்பர்களுக்கு வெள்ளையர் மதித்தாக வேண்டிய உரிமை எதுவும் இல்லை என்ற வரி உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கலாம். டானி அதை, அரசியல் சாசனம் எழுதப்பட்ட காலத்து எண்ணம் என்று சொல்லித்தான் எழுதினார். பிறகு அந்த எண்ணத்தையே சட்டத்தின் பொருளாக்கினார். இரண்டையும் பிரித்துப் படித்தால்தான் பெஞ்சமின் கர்டிஸின் மாறுபட்ட தீர்ப்பின் அடி எங்கே விழுகிறது என்று தெரியும். அந்தக் காலத்திலேயே நியூ ஹாம்ப்ஷயர், மாசசூசெட்ஸ், நியூயார்க், நியூ ஜெர்சி, வட கரோலினா ஆகிய ஐந்து மாநிலங்களில் சுதந்திரக் கறுப்பர்கள் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று கர்டிஸ் எடுத்துக் காட்டினார். சாசனத்துக்கு ஒப்புதல் கொடுத்த மக்களில் அவர்களும் இருந்தார்கள் என்றால், அது அவர்களுக்கு எப்படி அந்நியமாகும்? நேரம் குறைவாக இருந்தால் டானியைப் பாதியில் விட்டுவிட்டுக் கர்டிஸை முழுதாகப் படியுங்கள்.

எண்ணிக்கை 7க்கு 2. ஒன்பது பேரில் ஐந்து பேர் அடிமை மாநிலத்தவர்.

படி 5: பக்கத்தில் கட்சிகளை எழுதுங்கள்

1857 மார்ச் 4 அன்று பதவியேற்ற அதிபர் புக்கானன், இந்தக் கேள்வியை நீதிமன்றம் விரைவில் முடித்துவைக்கும், தீர்ப்பு எதுவானாலும் மகிழ்ச்சியோடு ஏற்பேன் என்றார். தீர்ப்பு வந்தது மார்ச் 6. முடிவு அவருக்கு முன்பே தெரியும். நீதிபதிகள் கேட்ரனோடும் கிரியரோடும் கடிதப் போக்குவரத்து இருந்தது, தன் மாநிலத்துக்காரரான கிரியரைப் பெரும்பான்மையோடு சேரும்படி வற்புறுத்தியும் இருந்தார்.

செத்த பாம்புக்கு வருவோம். புதுப் பிரதேசங்களில் அடிமை முறையை நாடாளுமன்றம் தடுக்க வேண்டும் என்பதுதான் குடியரசுக் கட்சியின் உயிர்க்கொள்கை. டானியின் தீர்ப்பு அதைச் சாசன விரோதம் ஆக்கியது. அடி ஜனநாயகக் கட்சிக்கும் விழுந்தது. அந்தந்தப் பிரதேச மக்களே முடிவு செய்யட்டும் என்பது அக்கட்சியின் இல்லினாய் செனட்டர் ஸ்டீபன் டக்ளஸின் வழி. நாடாளுமன்றத்துக்கே இல்லாத அதிகாரம் அது உருவாக்கிய பிரதேச சபைக்கு எங்கிருந்து வரும்? 1858ல் இல்லினாயின் ஃப்ரீபோர்ட்டில் குடியரசுக் கட்சியின் லிங்கன் இதைக் கேட்டு மடக்கினார். உள்ளூர்க் காவல் சட்டங்கள் இல்லாமல் அடிமை முறை எங்கும் நிற்காது என்று டக்ளஸ் சமாளித்தார். இல்லினாயில் அது எடுபட்டது, தெற்கே துரோகமாகப் பட்டது.

1860 அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி இரண்டாக உடைந்தது. தேர்வாளர் வாக்குகளை எழுதிக்கொள்ளுங்கள்: லிங்கன் 180, தென் ஜனநாயகவாதிகளின் பிரெக்கின்ரிஜ் 72, அரசியல் சாசன ஐக்கியக் கட்சியின் பெல் 39, வட ஜனநாயகவாதிகளின் டக்ளஸ் 12. டக்ளஸ் முழுதாக வென்ற ஒரே மாநிலம் எது தெரியுமா? நீங்கள் நிழலடித்து வைத்திருக்கும் மிசூரி. டிசம்பர் 20 அன்று தென் கரோலினா பிரிந்து போனது. 1861 மார்ச் 4 அன்று லிங்கனுக்குப் பதவிப் பிரமாணம் செய்து வைத்தவர் டானி. ஏப்ரல் 12ல் தென் கரோலினாவின் சம்டர் கோட்டை மீது பீரங்கிகள் வெடித்தன, உள்நாட்டுப் போர் தொடங்கியது.

படி 6: கடைசிப் புள்ளி

பென்சிலை மறுபடி செயின்ட் லூயிஸுக்குக் கொண்டுபோங்கள். ஐரின் இதற்குள் மாசசூசெட்ஸ்காரரான கால்வின் சாஃபியை மறுமணம் செய்திருந்தார். அவர் அடிமை முறையை எதிர்த்த நாடாளுமன்ற உறுப்பினர்! நாட்டின் மிகப் பிரபலமான அடிமை தன் வீட்டுச் சொத்து என்று பேச்சு எழுந்ததும் மானம் போயிற்று. மிசூரியில் விடுதலைப் பத்திரம் எழுத மிசூரிவாசி வேண்டும் என்பதால், குடும்பத்தை டெய்லர் ப்ளோவின் பெயருக்கு மாற்றினார்கள். ட்ரெட்டின் முதல் எஜமானரின் மகன் அவர். 1857 மே 26 அன்று ட்ரெட், ஹாரியட், மகள்கள் எலைசா, லிஸ்ஸி நால்வருக்கும் விடுதலை. ட்ரெட் ஒரு ஹோட்டலில் சுமை தூக்கும் வேலை பார்த்தார், அடுத்த ஆண்டு செப்டம்பரில் காசநோயால் இறந்தார்.

வழக்கு நடந்த வருடங்களில் குடும்பத்தைக் கூலிக்கு விட்டு, கூலியை ஷெரிஃப் பிடித்து வைத்திருந்தார், ஜெயிப்பவருக்குக் கொடுப்பதற்காக. அந்தப் பணத்தைத் தனக்கே தர வேண்டும் என்று கேட்டுக்கொண்டுதான் ஐரின் உரிமையை மாற்றிக் கொடுத்தார்.