வேதாளத்தை ஆட்டமேசைக்குக் கொண்டுவருவது

விக்கிரமாதித்தன் கதையைப் பாத்திரமேற்கும் விளையாட்டாக (ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி மேசையில் ஆடுவது) ஆக்கும்போது சம்பவங்களை வரிசையாக வைக்காதீர்கள். முடிவு தெரிந்த கதையில் ஆடுபவருக்கு வேலையே இல்லை. எடுக்கவேண்டியது அதன் விதியை: விடை தெரிந்தும் பேசாவிட்டால் தலை வெடிக்கும், பேசினால் வேதாளம் மரமேறும். இதைவிட அழகான இக்கட்டு கிடைக்காது.

களம் மதுரை அருகே கீழக்குயில்குடி சமணர் மலை. அடிவாரத் தாமரைக் குளத்திலிருந்து செட்டிப்புடவு குகை வரை வேதாளத்தைச் சுமக்க வேண்டும். மேசையில் 4 புளியங்கொட்டை, ஜாமத்துக்கு ஒன்று. வேதாளம் தப்பும்போதெல்லாம் ஒன்றை எடுங்கள்; தீர்ந்தால் விடிந்துவிடும். திரும்ப மரத்துக்கு நடப்பதை ஆடவைக்காதீர்கள், சலித்துவிடும்.

வழியில் சறுக்குப்பாறையைக் கடக்க 2 பகடை உருட்டுங்கள்; கூட்டுத்தொகை 7 அல்லது மேல் வந்தால் வெற்றி, வாய்ப்பு சுமார் 58%. புதிருக்குப் பகடை கூடவே கூடாது, வாதம் செத்துவிடும். ஒவ்வொரு புதிருக்கும் நியாயமான இரண்டு விடைகளாவது இருக்கட்டும்.